வெளிவட்டில் வாயு வேகமாகத் தீர்கிறதா? ஒரு சுருள் மண்டலத்தில் கலவையைக் கணக்கில் எடுத்தபின் மாறிய முடிவு

பின்னணி

மூவர் குழு ஒன்று அருகிலுள்ள ஒரு சுருள் விண்மீன்மண்டலத்தை எடுத்துக்கொண்டது. ஆய்வு மாணவி ஒருவர், அவருடைய வழிகாட்டி, ரேடியோ தரவுகளில் பழக்கமுள்ள ஒரு முதுநிலை ஆய்வாளர். மண்டலம் சுமார் 70 லட்சம் பார்செக், அதாவது ஏறக்குறைய 2.3 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ளது. சாய்கோணம் 20 பாகைதான். வட்டு ஏறத்தாழ முழு முகம் காட்டி நிற்கிறது. கட்டுரை இன்னும் அச்சேறாததால் ஆட்களின் பெயரோடு மண்டலத்தின் பெயரும் இங்கே விடப்பட்டுள்ளது.

கேள்வி பழையது. வாயு அடர்ந்த இடத்தில் விண்மீன்கள் அதிகம் பிறக்கும் என்று ஸ்மிட் 1959இல் ஒரு அடுக்கு விதியாக எழுதினார். கெனிக்கட் 1998இல் 61 சாதாரண சுருள் மண்டலங்களையும் விண்மீன் பிறப்பு வெடித்துப் பெருகும் 36 மண்டலங்களையும் ஒரே வரைபடத்தில் வைத்து, அந்த அடுக்கு சுமார் 1.4 என்று காட்டினார். அது முழு வட்டின் சராசரி. மொத்த வாயுவை எடுத்துச் செய்தது. 2008க்குப் பிறகு வட்டைத் துண்டு துண்டாகப் பார்க்க முடிந்தபோது படம் இரண்டாகப் பிரிந்தது. மூலக்கூறு ஹைட்ரஜனோடு விண்மீன் பிறப்பு ஏறத்தாழ நேர்விகிதத்தில் போகிறது. அந்த வாயு தீர 200 கோடி ஆண்டு ஆகும். அணு ஹைட்ரஜனோ ஒரு சதுர பார்செக்குக்கு சுமார் 9 சூரிய நிறையில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் சேரும் வாயு மூலக்கூறாக மாறிவிடுகிறது.

ஆகவே, 'எவ்வளவு வாயு' என்பதைவிட 'அந்த வாயுவில் எவ்வளவு மூலக்கூறு, எவ்வளவு அணு, எவ்வளவு கனத் தனிமம் (ஹைட்ரஜன், ஹீலியத்தைவிடக் கனமானவை)' என்பதே கேள்வி. கலவை மையத்திலிருந்து விளிம்புவரை எப்படி மாறுகிறது, விண்மீன் பிறப்பு வீதம் அதோடு எப்படி மாறுகிறது என்று ஒரே மண்டலத்தில் பார்ப்பதுதான் குழுவின் திட்டம்.

கையில் இருந்த தரவு

எல்லாமே காப்பகத் தரவு. அணு ஹைட்ரஜனுக்கு 1420.4 மெகாஹெர்ட்ஸில், அதாவது 21 செ.மீ. அலைநீளத்தில் எடுத்த குறுக்கீட்டுமானி (பல தட்டுகளை இணைத்த ரேடியோத் தொலைநோக்கி) வரைபடம். பிரிதிறன் 11 விகலை; ஒரு விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு. மூலக்கூறு ஹைட்ரஜனுக்கு நேரடி வழி கிடையாது. அந்த மூலக்கூறுக்கு நிலையான இருமுனைத் திருப்புத்திறன் இல்லை. அதன் முதல் சுழற்சிக் கோட்டைத் தூண்டவே சுமார் 500 கெல்வின் வேண்டும். முகிலோ 10, 20 கெல்வினில் உறைந்து கிடக்கிறது. அதனால் கூடவே இருக்கும் கார்பன் மோனாக்சைடைப் பார்த்து ஹைட்ரஜனை ஊகிக்க வேண்டும். குழுவிடம் இருந்தது 230.5 கிகாஹெர்ட்ஸில் வரும் 2–1 கோடு, அதாவது மூலக்கூறு இரண்டாம் சுழற்சி நிலையிலிருந்து முதல் நிலைக்கு இறங்கும்போது எழுவது. பிரிதிறன் 13 விகலை.

விண்மீன் பிறப்பு வீதத்துக்கு இரண்டு படங்கள். தொலை புறஊதாப் படம் தூசுக்கு வெளியே தெரியும் இளம் விண்மீன்களைக் காட்டும். 24 மைக்ரான் அகச்சிவப்புப் படம் தூசு விழுங்கிய ஒளியை மீட்டுத் தரும். இரண்டையும் உரிய எடையோடு கூட்டுவது வழக்கமான முறை. கனத் தனிம வளத்துக்கு, அயனியான ஹைட்ரஜன் பகுதிகளின் நிறமாலைகளிலிருந்து ஏற்கெனவே வெளியான ஆக்சிஜன் அளவுகள் இருந்தன.

எல்லாப் படங்களையும் 30 விகலைக்கு மங்கலாக்கி ஒரே கற்றைக்கு, அதாவது ஒரே பிரிதிறன் வட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். இந்தத் தொலைவில் அது 1 கிலோபார்செக். இந்த அளவைத் தேர்ந்ததில் காரணம் உண்டு. சில நூறு பார்செக்குக்குக் கீழே போனால் முகில் ஓரிடத்திலும் அதிலிருந்து பிறந்த விண்மீன்கள் வேறிடத்திலுமாகப் பிரிந்து தெரியும். கார்பன் மோனாக்சைடின் உச்சியில் கற்றையை வைத்தால் வாயு தீரும் காலம் நீளும், இளம் விண்மீன்களைச் சுட்டும் ஹைட்ரஜன் ஆல்ஃபா கோட்டின் உச்சியில் வைத்தால் குறுகும். எம்33 என்ற அருகிலுள்ள சுருள் மண்டலத்தில் 300 பார்செக்குக்குக் கீழே விதி குலைவது இப்படித்தான் வெளிப்பட்டது. 1 கிலோபார்செக் கற்றைக்குள் பல முகில்கள், பல வயதுகள் கலந்து சராசரியாகிவிடும்.

முதல் வரைபடம்

மாணவி வட்டை வளையங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வளையத்திலும் மூலக்கூறு வாயுவின் தீர்வுக் காலத்தைக் கணக்கிட்டார். தீர்வுக் காலம் என்பது வாயுவின் பரப்படர்த்தியைப் பிறப்பு வீதத்தால் வகுத்தது. இப்போதைய வேகத்திலேயே போனால் இருப்பு எத்தனை ஆண்டில் தீரும் என்பது. 4 கிலோபார்செக்கில் 180 கோடி ஆண்டு வந்தது. 9இல் 70 கோடி. 12இல் 25 கோடி.

வெளியே போகப் போக ஏழு மடங்கு வேகம். சிதறலும் குறைவு, கோடு நேராக இறங்கியது. கனத் தனிமம் குறைந்த வாயு விண்மீனாக மாறுவதில் திறன் மிக்கது என்ற தலைப்போடு வரைவு தயாரானது. உள்வட்டின் 180 கோடி, முந்தைய ஆய்வுகளில் வெளியான 200 கோடிக்கு அருகில் இருந்ததால் அளவுத்திருத்தம் சரியென்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். இந்த நம்பிக்கைதான் பின்னால் சிக்கலானது.

ஐயத்தை எழுப்பியவர் முதுநிலை ஆய்வாளர். அவருடைய வாதம் எளியது: அணுவாகவே பெரும்பாலும் இருக்கும் வெளிவட்டில், மிச்சமிருக்கும் கொஞ்சம் மூலக்கூறு முகில்கள் மட்டும் உள்வட்டு முகில்களைவிட ஏழு மடங்கு விரைவாக விண்மீனாக வேண்டுமென்றால், அந்த முகில்களின் அடர்த்தியோ கொந்தளிப்போ முற்றிலும் வேறாக இருக்க வேண்டும். அதற்கு வேறெந்தத் தடயமும் இல்லை. இயற்பியல் மாறியிருப்பதைவிட அளவுகோல் மாறியிருக்கவே வாய்ப்பு அதிகம். அதுவரை கட்டுரையை அனுப்பக் கூடாது என்று முடிவாயிற்று.

ஸ்கிரிப்டைப் பிரித்துப் பார்த்தது

முதலில் எண்களைக் கையால் சரிபார்த்தார்கள். ஒரே ஒரு பிக்சல், ஒரு தாள். உமிழ்வு 2.0 கெல்வின் கி.மீ./வி. (கோட்டின் மொத்த ஒளியை அளக்கும் அலகு); அதிலிருந்து பரப்படர்த்திவரை ஒவ்வொரு பெருக்கலையும் எழுதிப் பார்த்தபோது ஸ்கிரிப்டின் விடையும் தாளின் விடையும் 10 விழுக்காடு விலகின. 10 விழுக்காடுதானே என்று விட்டிருக்கலாம். தேடியபோது அதன் அடியில் இரண்டு பெரிய பிழைகள் கிடைத்தன.

ஒன்று ஹீலியம். கார்பன் மோனாக்சைடின் ஒளியை மூலக்கூறு ஹைட்ரஜன் அளவாக மாற்றும் எண்தான் மாற்றெண். பால்வழிக்கு அதன் நிலையான மதிப்பு, ஒரு கெல்வின் கி.மீ./வி.க்கு சதுர சென்டிமீட்டருக்கு 2 × 10²⁰ மூலக்கூறு. இதை நிறையாக்கினால் சதுர பார்செக்குக்கு 3.2 சூரிய நிறை. ஹீலியத்தையும் சேர்க்க 1.36ஆல் பெருக்கினால் 4.35. ஸ்கிரிப்டில் 4.35 இருந்தது. பின்னால், அணு வாயுவையும் மூலக்கூறு வாயுவையும் கூட்டும் வரிக்கு முன்பு, இரண்டையும் மறுபடி 1.36ஆல் பெருக்கும் ஒரு வரியும் இருந்தது. மூலக்கூறு வாயுவுக்கு ஹீலியம் இருமுறை.

மற்றது கோட்டு விகிதம். மாற்றெண் அதே மூலக்கூறின் 1–0 கோட்டுக்கு வரையறுக்கப்பட்டது. தரவு 2–1 கோட்டில். இரண்டுக்கும் இடையில் ஒரு விகிதம் வேண்டும். பழைய வேலைகளில் 0.8 என்று எடுத்தார்கள். அருகிலுள்ள சுருள் மண்டலங்களில் பின்னால் செய்த அளவீடுகள் 0.65 அருகே நிற்கின்றன. ஸ்கிரிப்டில் 0.8.

முதல் பிழை மூலக்கூறு நிறையை 36 விழுக்காடு கூட்டியது. இரண்டாவது 19 விழுக்காடு குறைத்தது. பெருக்கிப் பார்த்தால் 1.105. இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன. உள்வட்டு எண் வெளியான எண்ணோடு ஒத்துப்போனதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சரியான விடை வந்திருப்பது வழி சரியென்பதற்குச் சான்றாகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 

திருத்தியபின் உள்வட்டு எண் 160 கோடியானது. வெளிப்போக்கு அப்படியே இருந்தது. மாறிலிகளைத் திருத்தினால் வளைவு மேலோ கீழோ நகரும், சாயாது. சாய்வுக்குக் காரணம் ஆரத்தோடு மாறும் ஏதோ ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

மாஸ்க்குக்கு வெளியே போன ஒளி

கார்பன் மோனாக்சைடு வரைபடம் காப்பகத்திலிருந்து மாஸ்க் போடப்பட்டு வந்தது. இரைச்சலைவிட மூன்று மடங்கு உயராத பிக்சல்களில் பூச்சியம். உள்வட்டில் இதனால் இழப்பில்லை. 12 கிலோபார்செக்கில், அந்த வளையத்தின் பெரும்பாலான பிக்சல்கள் பூச்சியம். பிறப்பு வீதப் படத்தில் மாஸ்க் கிடையாது. பின்னத்தின் மேல்பகுதியில் பாதி வெட்டப்பட்டு, கீழ்ப்பகுதி முழுதாக இருந்தால் விடை சிறுக்காமல் என்ன செய்யும்.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். இந்தத் தரவில் ஒரு கற்றையின் இரைச்சல் 0.1 கெல்வின் கி.மீ./வி.; கண்டறியும் எல்லை 0.3. வழக்கமான 4.35ஐ வைத்தால் இந்த எல்லை சதுர பார்செக்குக்கு 2 சூரிய நிறை. கனத் தனிமம் பாதிக்கும் குறைவாயுள்ள வெளிவட்டில், கீழே சொல்லும் மாற்றெண்ணை வைத்தால், அதே எல்லை 7க்கு மேல். ரேடியோத் தொலைநோக்கியின் அதே மௌனம் உள்ளே ஒரு பொருளையும் வெளியே வேறொரு பொருளையும் தருகிறது. 'கண்டறியப்படவில்லை' என்ற சொல்லை ஆரம் சொல்லாமல் எழுதக் கூடாது.

எடுத்த முடிவு: மாஸ்க் போட்ட படத்தைக் கைவிட்டு மூலக் கனசதுரத்துக்கு (ஒவ்வொரு பிக்சலுக்கும் முழு நிறமாலை உள்ள தரவுக்கு) திரும்புவது. ஒவ்வொரு கற்றையிலும் அணு ஹைட்ரஜன் எந்தத் திசைவேகத்தில் உச்சம் காட்டுகிறதோ, அந்த வேகத்தைப் பூச்சியமாக்கிக் கார்பன் மோனாக்சைடு நிறமாலையை நகர்த்துவது. பிறகு வளையத்தின் எல்லா நிறமாலைகளையும் அடுக்கிக் கூட்டுவது. வட்டின் சுழற்சி ஒதுங்கிவிடுவதால் சிறு சமிக்ஞைகள் ஒரே இடத்தில் சேரும். இரைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் குறையும்.

11 முதல் 13 கிலோபார்செக் வரையான வளையத்தின் பரப்பு 150 சதுர கிலோபார்செக். சுமார் 130 ஒன்றையொன்று சாராத கற்றைகள். இரைச்சல் 0.1இலிருந்து 0.009க்கு இறங்கியது. சமிக்ஞை 0.041இல் தெளிவாக எழுந்தது. மாணவி அரைக் கற்றை இடைவெளியில் மாதிரி எடுத்திருந்ததால் முதலில் கணக்கில் 500க்கு மேற்பட்ட நிறமாலைகள் காட்டின. அந்த எண்ணை வர்க்கமூலத்துக்குள் போட்டால் இரைச்சல் பாதியாகத் தெரியும். பக்கத்துப் பக்கத்து மாதிரிகள் ஒரே இரைச்சலைப் பகிர்கின்றன. 130தான் சரி. சரிபார்க்க, திசைவேகங்களைத் தாறுமாறாகக் கலைத்து அதே கூட்டலைச் செய்தார்கள், சமிக்ஞை மறைந்தது.

மாஸ்க் படம் இந்த வளையத்தின் ஒளியில் ஏறக்குறைய பாதியைத் தின்றிருந்தது. தீர்வுக் காலம் 25 கோடியிலிருந்து 45 கோடிக்கு ஏறியது. ஏழு மடங்கு வேறுபாடு நான்கு மடங்குக்குச் சற்றுக் கீழே வந்தது.

மாற்றெண்ணைப் பற்றிய முடிவு

மிச்சமிருந்த வேறுபாடு கலவையிலிருந்தே வந்தது. காரணம் முகிலின் விளிம்பில் நடக்கிறது. மூலக்கூறு ஹைட்ரஜன் தன்னைத்தானே காத்துக்கொள்ளும்: வெளி அடுக்கிலுள்ள மூலக்கூறுகள் பிளக்கும் புறஊதாக் கோடுகளை உறிஞ்சிவிட்டால் உள்ளே இருப்பவை தப்பிக்கும். கார்பன் மோனாக்சைடின் அளவு அதற்குப் போதாது. அதற்குத் தூசுதான் குடை. கனத் தனிமம் குறைந்தால் தூசு குறையும்; குடை சுருங்கும். கார்பன் மோனாக்சைடு முகிலின் நடுவுக்குள் ஒடுங்கிவிடும். சுற்றிலும் ஹைட்ரஜன் மூலக்கூறாகவே இருக்கும், ஆனால் கோடு எழுப்பாது. ஒரே நிறையுள்ள முகில், குறைந்த ஒளி. 4.35ஐ எல்லா ஆரத்துக்கும் வைத்தால் வெளிவட்டில் வாயு காணாமல் போனதுபோல் தோன்றும்.

மண்டலத்தின் ஆக்சிஜன் அளவு, வானியலாளர் வழக்கப்படி ஹைட்ரஜன் 12 என்ற மடக்கைக் கணக்கில், மையத்தில் 8.70, ஒவ்வொரு கிலோபார்செக்குக்கும் 0.03 குறைகிறது. சூரியனுக்கு 8.69. மாற்றெண் கனத் தனிம வளத்தின் 1.6 அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது என்ற தொடர்பை எடுத்துக்கொண்டார்கள். 4 கிலோபார்செக்கில் மாற்றெண் 6.5 ஆனது. 9இல் 11.3. 12இல், வளம் சூரியனில் 0.45 பங்காக இருக்கும் இடத்தில், 15.8.

இதற்குள் ஒரு வாக்குவாதம் இருந்தது. ஆக்சிஜன் அளவை எந்த முறையில் எடுப்பது? பிரகாசமான கோடுகளின் விகிதத்தை மட்டும் வைத்துச் செய்யும் அளவுத்திருத்தங்கள் ஒன்றுக்கொன்று 0.7 டெக்ஸ் (பத்தின் மடக்கையில் 0.7) வரை முரண்படுவது தெரிந்ததே. 0.3 டெக்ஸ் பிசகினாலே 1.6 அடுக்கில் மாற்றெண் மூன்று மடங்கு மாறிவிடும். அது தேடுகிற விளைவின் அளவேதான். ஆகவே 4363 ஆங்ஸ்ட்ராம் போன்ற மங்கலான கோட்டை வைத்து மின்னணு வெப்பநிலையை நேரடியாகக் கண்ட பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். புள்ளிகள் பாதிக்கு மேல் குறைந்தன. வழிகாட்டிக்கு இதில் மனவருத்தம். ஆனால் வேறு வழியில்லை. இரண்டு அளவுத்திருத்தங்களைக் கலந்தால் போலிச் சரிவே உருவாகிவிடும்.

புதிய மாற்றெண்ணோடு 4 கிலோபார்செக்கில் தீர்வுக் காலம் 240 கோடி. 9இல் 210 கோடி. 12இல் 160 கோடி. ஏழு மடங்குச் சரிவு ஒன்றரை மடங்கானது.

இந்த இடத்தில் குழு நிறுத்திக்கொண்டது சரியான முடிவு. அடுக்கை 1.0 என்று வைத்தால் வெளிவளையத்தின் எண் 100 கோடி, 2.0 என்று வைத்தால் 220 கோடி. தீர்வுக் காலம் எங்கும் ஒன்றே என்று சொல்ல இந்தத் தரவுக்குத் தகுதியில்லை. வெளியே வேகம் கூடுகிறது என்று சொல்லவும் தகுதியில்லை. வரைவில் மூன்று அடுக்குகளுக்கும் மூன்று வளைவுகளைப் போட்டார்கள்.

சுற்றிச் சுற்றி வரும் வாதத்தைத் தவிர்த்தது

மாற்றெண்ணைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு: தீர்வுக் காலம் 200 கோடி என்று எடுத்துக்கொண்டு, பிறப்பு வீதத்திலிருந்து மூலக்கூறு நிறையைப் பின்னோக்கிக் கணக்கிடுவது. கனத் தனிமம் குறைந்த குறு மண்டலங்களில் இதைச் செய்வதுண்டு. இங்கே செய்தால், தேடுகிற விடையையே உள்ளீடாகக் கொடுத்தது ஆகும். மறுத்துவிட்டார்கள்.

தனிச் சான்றாகத் தூசை எடுத்தார்கள். தொலை அகச்சிவப்பிலிருந்து தூசு நிறை. ஒரு சிறு பகுதிக்குள் வாயு–தூசு விகிதம் மாறாது என்று வைத்துக்கொண்டு, அந்த விகிதத்தின் சிதறலைக் குறைந்தபட்சமாக்கும் மாற்றெண்ணைத் தேடுவது. 2013இல் 26 மண்டலங்களில் இந்த முறை பயன்பட்டது. 500 மைக்ரான் படத்தின் கற்றை 36 விகலை என்பதால் இந்தச் சோதனைக்கு மட்டும் எல்லாவற்றையும் இன்னும் கொஞ்சம் மங்கலாக்கினார்கள்.

9 கிலோபார்செக்குக்கு உள்ளே விடை, வளத்திலிருந்து வந்த மாற்றெண்ணோடு பொருந்தியது. வெளியே முறை கைவிட்டது: அங்கே மொத்த வாயுவில் ஒன்பதில் ஒரு பங்குதான் மூலக்கூறு, மாற்றெண்ணை இருமடங்காக்கினாலும் மொத்தம் அசைவதில்லை, ஆகவே தூசால் அதைக் கட்டுப்படுத்த முடிவதில்லை. தவிர, தூசு கனத் தனிமத்தோடு ஒரே விகிதத்தில் குறையும் என்ற துணைக்கருதுகோளும் எங்கும் செல்லாது. எம்101 என்ற சுருள் மண்டலத்தில் கனத் தனிமத்தில் தூசாகும் பங்கே வெளியே குறைகிறது என்று 2018இல் காட்டியிருக்கிறார்கள். வெளிவளையத்துக்குத் தூசுச் சான்று இல்லை என்று வரைவில் வெளிப்படையாக எழுதப்பட்டது.

மையத்தில் எதிர்பாராதது

தூசுச் சோதனை ஒரு இடத்தில் எதிர்த்திசையில் போனது. மையத்தின் முதல் கிலோபார்செக்கில் மாற்றெண் 2 அருகே வந்தது. பால்வழி மதிப்பில் பாதிக்கும் கீழே. கனத் தனிம வளம் அங்கே சூரிய அளவுதான், வளத்தை மட்டும் வைத்தால் 4.35 வந்திருக்க வேண்டும். பல சுருள் மண்டலங்களின் மையங்களில் இப்படிக் காணப்பட்டது உண்டு. அங்கே வாயு சூடாகவும் கொந்தளிப்பாகவும் இருப்பதால் கோடு அகலமாகிறது. ஒளி தடித்த (தன் ஒளியைத் தானே உறிஞ்சி மறைக்கும்) கோடு அகன்றால் அதே நிறைக்கு அதிக ஒளி வெளியேறும்.

இதனால் மையத்தின் தீர்வுக் காலம் 190 கோடியிலிருந்து சுமார் 90 கோடிக்கு இறங்கியது. வேடிக்கை என்னவென்றால், உண்மையிலேயே வேகமாக வாயு தீரும் இடம் இந்த மண்டலத்தில் இருந்தது. அது வரைவு சொன்னதற்கு நேர் எதிர்க் கோடியில், கனத் தனிமம் மிகுந்த மையத்தில் இருந்தது. மாற்றெண் நிலையாக இருந்தவரை அது சாதாரணமாகத் தெரிந்தது.

விளைவு

கட்டுரையின் தலைப்பு மாறியது. தீர்வுக் காலத்தை மையமாக வைத்தவர்கள், மூலக்கூறுப் பங்கை மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். 4 கிலோபார்செக்கில் சதுர பார்செக்குக்கு மூலக்கூறு வாயு 20, அணு வாயு 6 சூரிய நிறை. 12இல் மூலக்கூறு 1, அணு 8. மொத்த வாயுவை வைத்துப் பார்த்தால் உள்ளே தீர்வுக் காலம் சுமார் 310 கோடி ஆண்டு. வெளியே ஏறத்தாழ 1450 கோடி, பேரண்டத்தின் வயதான 1380 கோடியைத் தாண்டுகிறது. வெளிவட்டு மந்தமாக இருப்பதற்குக் காரணம், அங்கே அணு வாயு மூலக்கூறாக மாறுவதே அரிதாக இருப்பதுதான். மூலக்கூறானபின் விண்மீனாவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஏன் மாறுவதில்லை என்பதற்கு வட்டின் நடுத்தள அழுத்தத்தைக் கணக்கிட்டார்கள். மூலக்கூறு–அணு விகிதம் அழுத்தத்தோடு ஏறத்தாழ நேர்விகிதத்தில் உயர்ந்தது. 2006இல் முன்வைக்கப்பட்ட தொடர்போடு ஒத்த போக்கு. ஆனால் அழுத்தமும் கனத் தனிம வளமும் இரண்டுமே வெளியே குறைகின்றன; ஒரே மண்டலத்தில் இவற்றைப் பிரிக்க இயலாது. மூலக்கூறு ஹைட்ரஜன் தூசுத் துகளின் மேல்தான் உருவாகிறது என்பதால் வளத்துக்கும் இதில் பங்கு இருந்தே ஆக வேண்டும். இதை ஒரு பத்தியில் சொல்லி விட்டுவிட்டார்கள்.

பிறப்பு வீதத்தின் பக்கம் ஒரு சிறு திருத்தம் மட்டும். கெனிக்கட்டின் 1998 கோட்டோடு ஒப்பிட்ட படத்தில், அந்தக் கோடு சால்பீட்டர் நிறைப்பரவலில் (பிறக்கும் விண்மீன்களின் நிறை எப்படிப் பகிர்ந்திருக்கும் என்ற ஒரு கருதுகோளில்) இருந்தது, குழுவின் எண்கள் குரூப்பா பரவலில், 1.59 மடங்கு வித்தியாசம். தூசு குறைந்த வெளிவட்டில் 24 மைக்ரானின் பங்கு சுருங்கிப் புறஊதாவே எடையைச் சுமக்கிறது என்பதால், அங்கே பின்னணி வானத்தைக் கழிப்பதிலும் முன்புற விண்மீன்களை நீக்குவதிலும் கூடுதல் கவனம் தேவைப்பட்டது. விடை பெரிதாக அசையவில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

ஹீலியம் எங்கே சேர்கிறது என்பது கோப்பின் தலைப்பிலேயே எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு வரைபடத்தின் பெயரிலும் 'ஹீலியத்தோடு' அல்லது 'ஹீலியமின்றி' என்று குறித்துவிட்டால் இந்தப் பிழை நேராது. இப்போது குழு அப்படித்தான் செய்கிறது. மாற்றெண், கோட்டு விகிதம், நிறைப்பரவல், தொலைவு ஆகிய நான்கும் ஒரே அமைப்புக் கோப்பில் இருக்க வேண்டும், ஸ்கிரிப்டின் நடுவே சிதறிக் கிடக்கக் கூடாது. ஒரு பிக்சலைக் கையால் கணக்கிடும் வேலை முதல் வரைபடத்துக்கு முன்பே நடக்க வேண்டும். அதற்கு ஒரு பிற்பகல் போதும். பிந்திச் செய்ததால் மாதங்கள் போயின.

மாஸ்க் போட்ட படத்தைப் பார்வைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, சராசரி எடுக்கும் எல்லா வேலையையும் மூலக் கனசதுரத்தில் செய்வது இரண்டாவது மாற்றம். அணு ஹைட்ரஜன் படத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 25 மீட்டர் தட்டுகளுக்கு 21 செ.மீ. அலைநீளத்தில் பார்வைப் புலம் அரைப் பாகைதான். பெரிய வட்டின் விளிம்பு அதன் ஓரத்தில் மங்கிப்போகும். எந்தக் கோப்பில் அது திருத்தப்பட்டது, எதில் இல்லை என்று ஆவணத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். குறுக்கீட்டுமானி விரிந்து பரவிய வாயுவைத் தவறவிடுவதால், ஒற்றைத் தட்டு அளவீட்டின் மொத்தத்தோடு ஒப்பிடுவதும் கட்டாயம்.

மையத்தைப் பொறுத்தவரை, தூசு மட்டும் சாட்சியாக இருப்பது போதாது. கார்பன்-13 கொண்ட மோனாக்சைடின் கோடு ஒளி மெலிந்தது, அதாவது தன் ஒளியைத் தானே மறைக்காதது. கோட்டின் அகலத்தால் எவ்வளவு ஒளி கூடுகிறது என்பதை அது நேராகக் காட்டும். ஹைட்ரஜன் சயனைடின் கோடு அடர்ந்த வாயுவைத் தனியே பிரித்துத் தரும். 90 கோடி ஆண்டு என்பது அடர்ந்த வாயு மிகுதியாலா, அதே அடர்த்தியில் வேகம் கூடியதாலா என்று அப்போது கேட்கலாம். அந்த இரண்டு கோடுகளுக்கும் தொலைநோக்கி நேரம் கேட்டு விண்ணப்பம் எழுதப்பட்டிருக்கிறது. முதல் வரைவின் இறங்கு கோடு அதில் இடம்பெறவில்லை.